பிள்ளைப்பேற்று ஆண்டில் வீட்டுப் பாடம்

கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில் கோரமண்டல் என்பது ஒரு பகுதி. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையில் ஒரு ரயில் நிலையமும் ஆகும். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்கவேலைக்குக் குடியேறிய தமிழ் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். சுரங்கம் நடந்த காலத்தில் ஊர் முழுவதும் அதன் சங்கொலிக்கு எழுந்து, அதன் சங்கொலிக்கு உறங்கிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவ்வூருக்கு நேரம் காட்டுவது ரயில்வண்டியே. ஆடவரும், இக்காலத்தில் பெண்டிர் பலரும், அதிகாலையில் பெங்களூருக்குப் புறப்படுகின்றனர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம். இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். அத்தகைய வீட்டில் பகற்பொழுது முழுவதற்கும் பொறுப்பு பெரும்பாலும் தாய் ஒருத்தியின்மேல் நிற்கின்றது.

குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிப்பவளும் அவளே. 2015ஆம் ஆண்டுக் கன்னடமொழிக் கற்றல் சட்டத்தின்படி, கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ பயிற்றப்பட வேண்டும். வாழும் நாட்டின் மொழியைப் பிள்ளைகள் செம்மையாகக் கற்பது முறையே. ஆங்கிலமும் கன்னடமும் தத்தம் இடத்தைப் பெற்றபின் தமிழுக்கு எஞ்சும் நேரம் மிகச் சிறிது. பல பள்ளிகளில் அதுவும் இல்லை. ஆகவே அடுக்களையும் வாசற்படியுமே தமிழ்ப் பள்ளிக்கூடமாக அமைகின்றன.

அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியை கருவுற்றால் என்ன நேர்கின்றது? பெரும்பாலும் இரண்டு காரியங்கள் நேர்கின்றன. "இப்போதைக்கு நிற்கட்டும்" என்று தமிழ்ப்பாடம் நிறுத்தப்படுகின்றது. நின்றது மீண்டும் தொடங்குவது அரிது. மற்றொன்று அதனினும் கொடிது. வீட்டின் மூத்த பெண், தூளி ஆட்டவும் துணி அலசவும் அமர்த்தப்படுகின்றாள். அவளை யாரும் பள்ளியினின்று நிறுத்துவதில்லை. ஆயினும் அவள் புத்தகம் மூடியே கிடக்கின்றது. மூத்த மகனை அவ்வாறு அமர்த்துவோரை நான் மிகுதியும் கண்டதில்லை. ஆதலின், பிள்ளைப்பேற்று ஆண்டுக்குத் திட்டம் வகுக்கும்போது, எந்தப் பாடத்தை எந்த மாதத்தில் வைப்பது என்பதோடு, பிறக்கப்போகும் குழந்தையின் வேலை யார் யாருக்கு என்பதையும் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். பதினொரு வயதுப் பெண்ணும் ஏழு வயதுப் பையனும் உள்ள குடும்பம். அடுத்த குழந்தை நவம்பர் இறுதியில் பிறக்குமென்று மருத்துவர் நாள் குறித்திருக்கிறார். நாற்பது வாரக் கணக்கில் பின்னோக்கி எண்ணினால், தாய்க்கு வாந்தியும் மயக்கமும் மிகும் வாரங்கள் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வருகின்றன. அது கோடை விடுமுறைக் காலம். பாடம் வைக்காதிருப்பதே நலம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களில், பொதுவாகத் தாயின் உடல் சற்றே தெளிவு பெற்றிருக்கும். ஆண்டின் கடினமான பகுதி முழுவதையும் இங்கேதான் வைக்க வேண்டும். பள்ளி திறந்தவுடன் பிள்ளைகளைக் களைப்பேற்றலாகாது என்று எண்ணி, ஜூனில் இலேசாகத் தொடங்கிப் பின்னர் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். இவ்வாண்டில் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும்.

கடினமான பகுதி எது? பையனுக்கு எழுத்து. தமிழில் 247 எழுத்துகள் என்று கேட்டதும் தாய்மார் மலைக்கின்றனர். கன்னடம் படிக்கும் குழந்தைக்கு அதில் பாதி வழி முன்னரே திறந்திருக்கின்றது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் கன்னடத்திலும் குறிலும் நெடிலுமாகவே உள்ளன. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாகும் முறையும் அவனுக்குப் புதிதன்று. புதியவை எழுத்தின் வடிவங்களே. ழகரம், றகரம், னகரம் ஆகிய மூன்றும் இன்றைய கன்னட எழுத்தில் இல்லை. அவற்றுக்கு மட்டும் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும். கன்னடத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள் இருக்க, தமிழில் ஒரே ககரம் இடத்துக்கேற்ப ஒலி மாறுகின்றது. "கடல்", "பகல்", "தங்கம்" என்று மூன்று சொற்களைச் சொல்லச் செய்தால் குழந்தை தானே கண்டுகொள்ளும். நாளொன்றுக்கு இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தால், ஆகஸ்டு முடிவதற்குள் பையன் எழுத்துக் கூட்டிப் படிப்பான்.

பாடநூலைத் தேடி அலைய வேண்டுவதில்லை. சுரங்கம் மூடப்பட்ட அதே 2001 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகின்றது. வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கென்று மழலைக் கல்வியும், அதற்குமேல் அடிப்படை, இடை, மேல்நிலைச் சான்றிதழ்ப் பாடங்களும் அங்கே உள்ளன. கைப்பேசியிலேயே கிடைப்பினும், அச்செடுத்து நூலால் தைத்துக்கொள்வது என் விருப்பம். பேறுகாலத்துக்குப் பின் கைப்பேசி யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

செப்டம்பர் முதல் புதுப்பாடம் வேண்டா. படித்ததைப் படித்தல், பார்த்து எழுதுதல், கதை கேட்டல் ஆகியவை போதும். இம்மாதங்களில் தாய் செய்ய வேண்டியது, தான் இல்லாத வாரங்களுக்கான தாள்களை ஆயத்தம் செய்து ஓர் உறையில் இடுவது. டிசம்பருக்கு நான்கு உறை, ஜனவரிக்கு நான்கு உறை. ஒவ்வொன்றிலும் வாரத்துக்குரிய மூன்று சிறு பாடங்கள். அவ்வளவே.

இனித் தாய்வீட்டுப் பயணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அடுத்த பேறுகளுக்கும் குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோ செல்லும் பெண்கள் பலர். அவ்வாறு செல்கையில் "உதவிக்கு இருக்கட்டும்" என்று மூத்த பெண்ணையும் அழைத்துச் செல்கின்றனர். தசரா விடுமுறையில் போனவள் பொங்கலுக்குப் பிறகே திரும்புகின்றாள். பள்ளி ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதம் போயிற்று. இதனை நான் வன்மையாக மறுக்கின்றேன். இயலுமாயின் பாட்டியைக் கோரமண்டலுக்கு அழைத்துக்கொள்வதே நன்று. தாய் சென்றே தீர வேண்டுமெனில் பிள்ளைகள் தந்தையோடு இருக்கட்டும். மாலை நேரத்துக்கு அத்தையோ அண்டைவீட்டுப் பெரியம்மாவோ துணையிருக்கலாம். செல்லும் தாய், கர்நாடகத்தில் கொடுக்கப்படும் தாய் அட்டையை மறவாது எடுத்துச் செல்ல வேண்டும். எந்த மாநிலத்தில் பிறப்பினும் குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிறந்த ஊரில்தான் பதிவு என்பதையும் நினைவிற் கொள்க.

தந்தைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். "நான் இரவில்தானே வருகிறேன்" என்பது அவர் விடை. பங்காருப்பேட்டை வழியே பெங்களூருக்குச் செல்லும் வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் இரண்டு மணி நேரம் சும்மா போகின்றது. பெண்ணின் தமிழ்க் குறிப்பேட்டை அவர் தம் சாப்பாட்டுப் பையில் எடுத்துச் செல்லட்டும். வண்டியில் படித்துப் பிழைக்கு அடிக்கோடு இட்டு, ஓரத்தில் ஒரு வரி எழுதி, இரவில் கொண்டுவந்து கொடுக்கட்டும். தந்தை கைப்பட எழுதிய அந்த ஒரு வரிக்காகவே குழந்தை மறுநாள் இரண்டு வரி கூடுதலாக எழுதும். ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் துணிகள் அவருடைய பொறுப்பு. சுரங்கத்தில் உழைத்தவர் வழிவந்த கைக்கு அது கடினமான வேலையன்று.

பெண்ணின் பங்கையும் எழுதி வைப்போம். அவள் உதவவே கூடாதென்று நான் கூறவில்லை. மாலையில் அரை மணி நேரம், ஒரு குறித்த வேலை, அதற்குமேல் இல்லை. தம்பிக்குக் கதை படித்துக் காட்டுவதையே அந்த வேலையாக வைத்தால் இருவர்க்கும் பாடமாகும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய் படுத்தபடியே கேட்டுத் திருத்தலாம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் முழுவதும் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்களும் சில உண்டு. 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்குக் கட்டாயக் கல்வியை 2009ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பதை அவர்கள் அறிந்திருப்பார்கள். பதினான்கு வயது நிரம்பியவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதலாம். தமிழும் அதில் ஒரு பாடம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு. ஐந்தாண்டுகளில் ஒன்பது வாய்ப்பு. நவம்பரில் குழந்தை பிறக்கும் வீட்டில், அக்டோபர் தேர்வைத் தவிர்த்து ஏப்ரலுக்குப் பதிவு செய்வதே அறிவு.

குழந்தை பிறந்தபின் ஆறு வாரம் தாய் எதையும் கற்பிக்கலாகாது. உறைகள் திறக்கப்படாமல் கிடந்தாலும் குற்றமில்லை. ஜனவரி நடுவில் பத்து நிமிடமாகத் தொடங்கி, பிப்ரவரியில் பதினைந்தாக்கலாம். மார்ச்சில் பள்ளித் தேர்வு வருவதால் தமிழ்ப்பாடத்தை நிறுத்திவிட்டு, விடுமுறை தொடங்கியதும் மிஞ்சிய உறைகளைப் பிரிக்கலாம். அப்போது கைக்குழந்தைக்கு நாலரை மாதம் ஆகியிருக்கும். பாயில் கிடந்தபடி அக்காளும் அண்ணனும் படிக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கும்.