உயிருள்ள உடலே பாடநூல்

மருத்துவம் கற்கப் புகும் மாணாக்கனுக்கு முதலில் வாய்க்கும் ஆசான் வாய் பேசாத ஆசான். தாம் இறந்த பின்னும் பிறருக்குப் பயன்படுக என ஒருவர் ஈந்த உடலே அவ்வாசான். பாதுவா நகரிற் கற்பித்த வெசாலியசு என்பார் 1543 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல், பழைய ஏட்டை நம்பியிராது தம் கையாலேயே உடலை அறுத்து ஆராய்ந்ததன் பயனாகும். அன்று தொட்டு இன்றுவரை உடற்கூற்றுக் கல்விக்கு அதுவே அடித்தளம்.

ஆயினும், இறந்த உடல் காட்டாதன சில உள. சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். அது முதுகுப்புறத்தே ஓரிடத்தில் அசையாது கிடக்கும் உறுப்பு என்றே அறுத்துப் பார்த்தவன் எண்ணுவான். உயிருள்ள உடலிலோ, மூச்சை உள்வாங்குந்தோறும் அது கீழிறங்கி, மூச்சை விடுந்தோறும் மேலேறுகின்றது. இதயத்தின் வால்வுகள் திறந்து மூடுவதையும், குருதிக் குழாய் துடிப்பதையும் பிணம் எங்ஙனம் காட்டும்?

இக்குறையை நிரப்ப வந்ததே கழியொலி. மக்கள் இதனை ‘ஸ்கான்’ என்பர். அந்தியிற் பூச்சி பிடிக்கும் சிறு வௌவால், நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இரை இருக்குமிடம் அறிகின்றது. இக்கருவியின் தத்துவமும் அதுவே. செக்கனுக்குப் பல இலட்சம் முறை அதிரும் ஒலி உடலினுட் சென்று, உறுப்புக்களிற் பட்டு மீள, அவ்வெதிரொலி படமாகின்றது. உலோகத்தில் மறைந்த வெடிப்பைக் கண்டறியப் பயன்பட்ட கருவியை மகளிர் மருத்துவத்துக்கு இசைவித்தவர் கிளாஸ்கோ நகரின் பேராசிரியர் இயன் டொனால்ட். அவரும் துணைவர் இருவரும் 1958 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு வழி திறந்தது.

நோயறியும் கருவி பின்னர்க் கற்பிக்கும் கருவியுமாயிற்று. ஜேர்மனியின் ஹனோவரில் உடற்கூற்று வகுப்பில் இதனைக் கையாண்ட அனுபவம் 1996 இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் தெற்குக் கரோலினாப் பல்கலைக்கழகம் 2006 முதல் மருத்துவக் கல்வியின் எல்லா ஆண்டுகளிலும் இதனைச் சேர்த்தது. மாணாக்கர் ஒருவர் வயிற்றின்மேல் மற்றவர் கருவியை வைத்து, ஈரலையும் பித்தப்பையையும் நேரிற் காண்கின்றனர். அறுத்தல் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. இன்று கைத்தொலைபேசியோடு இணைக்கத்தக்க சிறு கருவிகளும் உள.

இதனால் வன்னிக்கு யாது பயன் என நேயர்கள் வினவலாம். வவுனியா மாவட்டத்து உழவர் சிலரை வருத்தும், காரணம் முற்றும் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் ஓசையின்றி வளர்வது. நலமுள்ள ஒருவரின் சிறுநீரகம் ஏறக்குறைய 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமுடையது. முற்றிய நோயில் அது சுருங்கிவிடும். டெங்குக் காய்ச்சலிற் குருதி நீர் கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றிலும் தேங்குவதையும் இக்கருவி காட்டும். இயல்பான உறுப்பைப் பன்முறை கண்டு பழகிய கண்ணே இயல்பின்மையை விரைந்து உணரும். அப்பழக்கத்தை முதலாண்டிலேயே தொடங்குவது நன்றன்றோ?

ஆனால் எச்சரிக்கை ஒன்று வேண்டும். கருவி காட்டுவது உடலின் ஒரு மென்துண்டத்தையே. துண்டங்களை ஒன்றுகூட்டி முழு உறுப்பை மனத்தில் அமைக்க, அறுத்துக் கற்ற அறிவு வேண்டும். எனவே பேசாத ஆசானை இக்கருவி விலக்காது. அவர் தொடங்கிய பாடத்தைத் தொடரும்.

இன்னுமொன்று. திரையைக் காணும் நோயாளி, “உள்ளே என்ன தெரிகிறது, ஐயா?” என்று கேட்பார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உயர்தர உயிரியலைத் தமிழிற் கற்ற பிள்ளை, மருத்துவ பீடத்தில் அதனை ஆங்கிலத்திற் கற்கின்றது. மீண்டும் தமிழ் பேசும் நோயாளியிடமே வருகின்றது. இவ்விடைவெளியை அன்றே கண்டவர் மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரே என்பவரின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கி, ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872 இல் வெளியிட்டார்.

நூல் எழுதிக் கிறீன் செய்த பணியை இன்று திரையின் முன் நின்று செய்யலாம். உயிருள்ள ஒருவரை ஆராயும் மாணாக்கன், காண்பதைப் பெயரிடவும், கண்டதை அவருக்கு எளிய தமிழில் விளக்கவும் ஒருங்கே பழகுவானாயின், கல்வி முழுமையுறும். தன் சிறுநீரகம் சுருங்கியதேன் என்பதை விளங்கிக்கொண்ட உழவரே மருந்தையும் மருத்துவர் சொல்லையும் தவறாது பின்பற்றுவார். உள்ளுறுப்பைக் காண்பது கருவியின் ஆற்றல். அதனை உரியவருக்கு உணர்த்துவது மருத்துவனின் கடமை.