ஓட்டுரிமையும் முதலாளிமாரும்



அமெரிக்க தேசத்துப் பெரிய கம்பெனி முதலாளிமார்கள் ஓட்டுரிமைச் சட்டத்தைப் பற்றிப் பகிரங்கமாக வாய் திறந்த சங்கதியைக் குறித்து இன்று நாம் பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்கா எங்கே, இந்தக் கடைவீதி எங்கே, அந்த ஊர் முதலாளி பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பிறவியைக் காட்டி மனிதனைத் தாழ்த்தும் காரியம் எந்த நாட்டில் நடந்தாலும் அது நம் இயக்கத்துக்குச் சம்பந்தப்பட்ட காரியமேயாகும். இந்தச் சங்கதியிலோ, தாழ்த்தியவன் யார், தட்டிக் கேட்டவன் யார், எப்போது கேட்டான், எதற்காகக் கேட்டான் என்பதெல்லாம் வெட்டவெளிச்சமாய்த் தெரிகின்றது.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிமை வியாபாரத்தின் பேரால் நடந்த உள்நாட்டு யுத்தம் முடிந்த பிறகு 1870-ம் வருஷத்தில் அமெரிக்க அரசியல் சட்டத்தில் பதினைந்தாவது திருத்தம் சேர்க்கப்பட்டது. நிறத்தைக் காரணமாகச் சொல்லி எவனுக்கும் ஓட்டை மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தெற்கு மாகாணத்து வெள்ளையர் இதற்கு என்ன செய்தார்கள்? "கறுப்பனுக்கு ஓட்டில்லை" என்று எழுதினார்களா? இல்லை, அவ்வளவு முட்டாள்கள் அல்லர். மிசிசிப்பி மாகாணத்தில் 1890-ல் ஒரு புதிய அரசியல் சட்டம் செய்தார்கள். அதன்படி தலைக்கு வருஷம் 2 டாலர் வரி கட்டியிருக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை வாசிக்கவோ, வாசிக்கக் கேட்டு அர்த்தம் சொல்லவோ தெரிந்திருக்க வேண்டும். அர்த்தம் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லுகிறவன் யார்? பதிவு செய்யும் வெள்ளைக்கார குமாஸ்தா! கறுப்பர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சரியாக வைப்பதில்லை, ஆனால் பரீட்சை மாத்திரம் வைப்பது! வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாதென்று சொல்லிவிட்டு, பிறகு வேதம் தெரியாதவன் தாழ்ந்தவன் என்ற நம் நாட்டுச் சாஸ்திரக்காரர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

லூசியானா மாகாணத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பரீட்சை ஏழை வெள்ளையனையும் அல்லவா பிடித்துக் கொள்ளும்? ஆகவே 1867-க்கு முன் எவனுடைய பாட்டனோ தகப்பனோ ஓட்டுரிமை உடையவனாக இருந்தானோ அவனுக்கு அந்த நிபந்தனை வேண்டியதில்லை என்று 1898-ல் எழுதினார்கள். 1867-க்கு முன் கறுப்பனுடைய பாட்டன் எங்கே ஓட்டுப் போட்டான்? விலங்கு போட்டுக்கொண்டல்லவா இருந்தான்? 1896-ல் அந்த மாகாணத்து ஓட்டர் பதிவில் 1,30,000-க்கு மேற்பட்ட கறுப்பர் இருந்தார்கள். 1900-ல் இருந்தவர்கள் 5,320 பேர். சட்டப் புத்தகத்தில் மாத்திரம் நிறம் என்ற வார்த்தையே கிடையாது! பித்தலாட்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் காலத்தில் முதலாளிமார் ஓட்டைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே பேசினார்கள். பேன்னி லூ ஹேமர் என்ற அம்மையார் மிசிசிப்பியில் ஒரு பருத்திப் பண்ணையில் 18 வருஷம் வாரக் குடியாக உழைத்தவர். 1962 ஆகஸ்டு 31-ந் தேதி இன்னும் பதினேழு பேருடன் பஸ் ஏறி இண்டியானோலா என்ற ஊருக்குப் போய் ஓட்டர் பதிவுக்கு மனுக் கொடுத்தார். குமாஸ்தா வைத்த பரீட்சையில் தவறிவிட்டார் என்று திருப்பி அனுப்பப்பட்டார். வீடு திரும்பினால் பண்ணை முதலாளி வந்து நிற்கிறார். மனுவை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய் என்கிறார். அந்த அம்மாள், நான் உமக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகவே போனேன் என்று பதில் சொல்லி அன்றிரவே வெளியேறினார். அந்தக் காலத்தில் முதலாளி ஓட்டுரிமையைப் பற்றிக் கொண்டிருந்த பகிரங்க அபிப்பிராயம் இதுதான்.

பிறகு 1965 மார்ச்சு 7-ந் தேதி அலபாமா மாகாணத்தில் செல்மா என்ற ஊர்ப் பாலத்தில், ஓட்டுரிமை கேட்டு நடந்துபோன மக்களைப் போலீசார் தடியால் அடித்ததை உலகமே பார்த்தது. அதே வருஷம் ஆகஸ்டு 6-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. பழைய புரட்டுக்குப் பேர்போன மாகாணங்கள் தேர்தல் விதிகளில் எதை மாற்றினாலும் மத்திய சர்க்காரிடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. 2013 ஜூன் 25-ல் சுப்ரீம் கோர்ட்டார் ஐந்து பேருக்கு நாலு பேர் என்ற கணக்கில், எந்தெந்த மாகாணம் அப்படி அனுமதி வாங்க வேண்டும் என்ற கணக்கு பழையதாகிவிட்டது, அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லி அந்த முதுகெலும்பை முறித்தார்கள்.

நிற்க, ஜார்ஜியாவுக்கு வருவோம். 2020 நவம்பரில் நடந்த ஜனாதிபதி தேர்தலில் அந்த மாகாணத்தில் 11,779 ஓட்டு வித்தியாசத்தில் பைடன் ஜெயித்தார். 2021 ஜனவரியில் நடந்த மறுதேர்தலில் அம்மாகாணத்து முதல் கறுப்பு செனட்டராக வார்னாக் என்பவர் வந்தார். உடனே தேர்தலில் மோசடி, மோசடி என்று கூச்சல் கிளம்பிற்று. ஓட்டுக்களைக் கையால் மறுபடி எண்ணியாயிற்று, யந்திரத்தாலும் எண்ணியாயிற்று, மோசடி அகப்படவில்லை. ஆனாலும் மார்ச்சு 25-ந் தேதி கவர்னர் கெம்ப் ஒரு புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தபால் ஓட்டுக்கு அடையாளச் சான்று கட்டாயம். ஓட்டுப் போடும் பெட்டிகளுக்கு எண்ணிக்கையும் இடமும் நேரமும் கட்டு. மறுதேர்தலுக்கு இருந்த ஒன்பது வாரம் நாலு வாரமாயிற்று. ஜில்லாத் தேர்தல் சபையை மாகாணத் தேர்தல் சபை தன் கைக்குள் எடுத்துக்கொள்ள அதிகாரம். இவற்றோடு இன்னொன்று. ஓட்டுச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளோ, வரிசையில் நிற்பவருக்கு 25 அடிக்குள்ளோ சோறோ தண்ணீரோ கொடுப்பது குற்றம்! அந்த மாகாணத்தில் 2020 ஜூன் தேர்தலின்போது அட்லாண்டா பக்கத்து ஜனங்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். தண்ணீரைக் கொண்டு மனிதனைத் தாழ்த்துவது என்றால் என்னவென்று இங்குள்ள உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டம் சட்டசபையில் இருந்த வாரங்களில் அட்லாண்டா நகரத்துப் பெரிய முதலாளிமார் என்ன செய்தார்கள்? எல்லோரும் ஓட்டுப் போடுவது நல்லது என்பது போன்ற, எவர் மனமும் நோகாத பொது வார்த்தைகளைச் சொன்னார்கள். டெல்டா விமானக் கம்பெனியார், கையெழுத்தான மறுநாள்கூட, மசோதா முன்னிருந்ததைவிட எவ்வளவோ திருந்தியிருக்கிறது என்றுதான் சொன்னார்கள். மார்ச்சு 31-ல் அதே கம்பெனித் தலைவர் பாஸ்டியன், இச்சட்டம் ஒப்புக்கொள்ள முடியாதது, இதற்குச் சொல்லப்பட்ட காரணமே பொய் என்று எழுதினார். கொகோ கோலா கம்பெனித் தலைவரும் அன்றே அதே மாதிரி பேசினார். ஐந்து நாளைக்குள் ஞானோதயம் எப்படி வந்தது?

இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, கறுப்பு மக்களுடைய கிறிஸ்துவக் கோயில் தலைவரான பிஷப் ரெஜினால்ட் ஜாக்சன் கொகோ கோலாவைப் பகிஷ்கரிக்கும்படி சொல்ல ஆரம்பித்தார். பாதிரியார் செய்த காரியமாயிற்றே, நம் மேடையில் சொல்லலாமா என்று ஒரு தோழர் இங்கு வருவதற்கு முன் கேட்டார். ஏன் சொல்லக் கூடாது? அவர் ஜபத்தை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை, சோடாவை வாங்காதே என்றார். அது பகுத்தறிவு வேலைதானே!

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியில் முன்பு தலைவராயிருந்த கென்னத் ஷெனால்ட், மெர்க் மருந்துக் கம்பெனியில் அப்போது தலைவராயிருந்த கென்னத் பிரேசியர் ஆகிய இருவரும் கூடி, 72 கறுப்பு வியாபாரத் தலைவர்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை அதே மார்ச்சு 31-ந் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வெளியிட்டார்கள். மற்றக் கம்பெனிகளே, ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்பதுதான் அதன் கேள்வி. பிரேசியர் யார்? அவர் பாட்டனார் அடிமையாகப் பிறந்தவர், தகப்பனார் கட்டடம் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர். பாட்டனைக் கேட்ட லூசியானா சட்டத்தை நினைத்துப் பாருங்கள். அடிமைப் பாட்டனின் பேரனுக்குத்தான் முதலில் ரோஷம் வந்தது. மற்றவர்களுக்கு அந்த ரோஷம் கடன் வாங்கிய ரோஷம் என்கின்றோம்.

அதன் பிறகு வேடிக்கை பாருங்கள். ஏப்ரல் 2-ல் அமெரிக்கப் பேஸ்பால் சங்கத்தார் அட்லாண்டாவில் நடக்கவிருந்த தங்கள் பெரிய ஆட்டத்தை அங்கிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லி, பிறகு டென்வர் நகரத்துக்குக் கொண்டு போனார்கள். ஏப்ரல் 14-ல், ஓட்டுரிமையைக் குறைக்கும் சட்டங்களை எதிர்க்கிறோம் என்று நூற்றுக்கணக்கான கம்பெனிகளும் பணக்காரர்களும் சேர்ந்து பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் போட்டார்கள். அமேசான், கூகிள், வாரன் பபெட் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த மாகாணத்திலேயே வீடு வாசல் உள்ள கொகோ கோலாவும் டெல்டாவும் அதில் இல்லை!

ஏன் இல்லை? டெல்டா தலைவர் வாய் திறந்த அன்றே ஜார்ஜியா பிரதிநிதி சபையார் அக்கம்பெனிக்கு விமான எண்ணெயில் கொடுத்திருந்த வரிச் சலுகையை ரத்து செய்ய ஓட்டெடுத்துவிட்டார்கள். மேல்சபை அதை எடுத்துக்கொள்ளாமல் கலைந்துபோனதால் தப்பித்தது. கொடுத்த சலுகையைக் காட்டியே வாயை அடைக்கலாம் என்பது வெளிப்படையாயிற்று. அமெரிக்க செனட்டில் அப்போது குடியரசுக் கட்சித் தலைவராயிருந்த மக்கானல், கம்பெனிகள் அரசியலில் தலையிடாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று எச்சரித்தார். அத்தோடு விட்டாரா? கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடையைப் பற்றித் தாம் பேசவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்! வாயை மூடு, பையைத் திற என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோயில் தர்மகர்த்தாவாலும் சொல்லியிருக்க முடியாது.

முதலாளி நல்லது சொன்னாலும் நம்பாதே என்று நம் தோழர்களில் சிலர் சொல்லுவார்கள். நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. மார்ட்டின் லூதர் கிங்குக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அவரைப் பாராட்டி 1965 ஜனவரி 27-ல் அட்லாண்டாவில் ஒரு விருந்து ஏற்பாடாயிற்று. வெள்ளைக்கார வியாபாரிகள் டிக்கட்டு வாங்க முன்வரவில்லை. கொகோ கோலா கம்பெனியின் அப்போதைய தலைவர் ஆஸ்டின், இப்படிப்பட்ட ஊரில் இருப்பது உலக வியாபாரம் செய்யும் எங்களுக்கு அவமானம் என்ற தோரணையில் ஒரு வார்த்தை சொன்னதும் டிக்கட்டுகள் பறந்துபோயின. சுமார் 1,500 பேர் சாப்பிட்டார்கள். ஆகவே முதலாளியின் வார்த்தைக்குப் பலம் உண்டு. பலமுள்ளவன் நியாயத்தைச் சொல்லும்போது சொல்லாதே என்று தடுக்க நமக்கென்ன பைத்தியமா? ஆனால் அவர் அன்றும் கணக்குப் பார்த்துத்தான் சொன்னார். வியாபாரியின் கணக்கு நியாயத்தின் பக்கம் திரும்பும் நாளில் அவன் வருவான், கணக்கு மாறினால் போய்விடுவான் என்பதை மாத்திரம் சொல்லுகின்றோம்.

மாறவில்லையா என்றால், 2021 ஜனவரி 6-ல் அமெரிக்கப் பார்லிமெண்டுக் கட்டடத்தில் கலகம் நடந்த பின், தேர்தல் முடிவை ஆட்சேபித்த 147 குடியரசுக் கட்சி அங்கத்தினர்களுக்கு இனிப் பணம் கொடுப்பதில்லை என்று எத்தனையோ கம்பெனிகள் சபதம் செய்தன. அவற்றில் பல அந்த வருஷம் முடியுமுன்பே மறுபடி கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஓட்டுரிமைச் சட்டத்தின் முறிந்த முதுகெலும்பை ஒட்டவைக்க வந்த மசோதா 2022 ஜனவரியில் செனட்டில் விழுந்தது. முழுப் பக்க விளம்பரத்தால் அங்கே ஓர் ஓட்டும் கூடவில்லை. அட்லாண்டாவிலிருந்து கோபித்துக்கொண்டு போன பந்தாட்டம் 2025 ஜூலையில் அட்லாண்டாவுக்கே திரும்பி வந்து நடந்தது. சட்டம் ரத்தாகிவிட்டதா? இல்லை. சட்டம் இருந்த இடத்தில் இருந்தது, ஆட்டந்தான் வந்தது. மத்திய சர்க்கார் 2021-ல் அச்சட்டத்தின்மேல் போட்ட வழக்கையும் 2025 மார்ச்சில் டிரம்ப் சர்க்கார் கைவிட்டுவிட்டது.

எதிர்க்கட்சியார் ஒரு கேள்வி கேட்கிறார்கள். 2022 தேர்தலில் ஜார்ஜியாவில் முன்கூட்டி ஓட்டுப் போட்டவர்கள் தொகை அதற்கு முந்திய எந்த இடைக்காலத் தேர்தலையும்விட அதிகமாயிற்றே, அப்படியிருக்கச் சட்டத்தால் என்ன கெடுதி என்பது. தொகை அதிகம் என்பது வாஸ்தவம். ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் போகும்போதும் சந்தைக்குப் போகிறவன் போய்த்தான் தீருகிறான். அதற்காகப் பாலத்தை இடித்தவன் நல்லவனாகிவிடுவானா? ஹேமர் அம்மாளும் வீட்டை இழந்த பிறகு விடாமல் முயன்று 1963 ஜனவரியில் பதிவு பெற்றார். அதற்காக அந்தக் குமாஸ்தாவையும் பண்ணை முதலாளியையும் நியாயவான்கள் என்று சொல்லுவதா?

மேஜைமேல் ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. அந்தத் தண்ணீர்க் குற்றம் என்ன ஆயிற்று என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 2023 ஆகஸ்டில் ஒரு மத்திய நீதிபதி, கட்டடத்திலிருந்து 150 அடிக்கு அப்பால் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதைத் தண்டிக்கக் கூடாதென்று நிறுத்தி உத்தரவு போட்டார். 150 அடிக்குள் என்றால் பழையபடி குற்றந்தான் என்று விட்டுவிட்டார். தேர்தல் அதிகாரிகள் மனம் வைத்தால், கொடுப்பதற்கு ஆள் இல்லாமல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைக்கலாம், அவரவர் எடுத்துக் குடித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகையும் உண்டு. அந்த வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர்களில் கறுப்பு மக்களின் சங்கங்களும், அந்த பிஷப்பின் கோயிலாரும் உண்டு. விளம்பரத்தில் கையெழுத்திட்ட கம்பெனி எதுவும் அந்த வழக்கில் வாதி அல்ல.