நலங்கு மாவு



எங்கள் வீட்டில் வாய் அகன்ற பித்தளைத் தூக்கு ஒன்று இருந்தது. அதன் மூடியைத் திறந்தால் வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் கலந்த மணம் கூடம் வரையில் எட்டும். மாசி பங்குனி வெயிலில் பாசிப்பயறு, ஆவாரம்பூ, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் முதலியவற்றைக் காயவைத்து, அரைத்து, வெள்ளைத் துணியில் சலித்து, என் பாட்டி அதில் நிரப்பி வைப்பார். நலங்கு மாவு என்று அதற்குப் பெயர். வீட்டில் பிறந்த குழந்தை முதல் மணப்பெண் வரையில் எல்லோருக்கும் அதுதான் குளியல் மாவு. அந்த மாவைப் பற்றியும், அதில் ஓர் ஓரமாகச் சேர்ந்திருந்த ஒரு கறுப்பு விதையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இவ்வழக்கம் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி தன் கூந்தலை எவ்வாறு நீராட்டினாள் என்பதை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். துவர் பத்து, விரை ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு ஊறிய நீர் என்று அவர் கணக்கே தருகிறார். துவர் என்பது துவர்ப்புப் பொருள்கள். விரை என்பது மணப்பொருள்கள். இத்தனை பொருளையும் தேடிச் சேர்த்து ஊறவைக்க எத்தனை பேர் உழைத்தார்களோ, தெரியாது. ஆயினும் குளியலுக்கு எதை எதனோடு சேர்ப்பது என்பது அக்காலத்திலேயே ஒரு தனிக் கலையாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

சரி, இந்த மாவு எவ்வாறு அழுக்கை நீக்குகிறது? பயற்றில் மாச்சத்தும் புரதமும் நிறைந்துள்ளன. அதன் நுண்ணிய துகள்கள் தோலின் மேலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு நீரோடு போய்விடுகின்றன. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. அதுவும் எண்ணெயைப் பிரித்தெடுக்கும். காரம் சேர்த்துக் காய்ச்சிய சவர்க்காரம் இதே வேலையை இன்னும் விரைவாகச் செய்கிறது. ஆனால் நம் தோலின் மேற்பரப்போ சிறிது புளிப்புத் தன்மை உடையது. காரம் மிகுந்த சவர்க்காரத்தை அடிக்கடி தேய்த்தால் தோல் வறண்டு இழுப்பதற்கு இதுவே காரணம். பயற்றமாவுக்கு அந்தக் கடுமை இல்லை.

காரத்தின் குணத்தை நீங்கள் வீட்டிலேயே கண்டறியலாம். மஞ்சள் கறை பட்ட துணியில் சவர்க்காரம் தேய்த்துப் பாருங்கள், கறை சிவந்துவிடும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சளோடு காரம் சேர்ந்து சிவக்கும் இந்த மாற்றமே நம் குங்குமத்தின் பிறப்பு. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் காணும் நிறங்காட்டிக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

மஞ்சளுக்கு அந்நிறத்தைத் தருவது குர்குமின் என்னும் பொருள். 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லத்தியே என்னும் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். புண்ணுக்கு மஞ்சள் பூசுவது நம் வீடுகளில் எவரும் அறிந்த செய்தி. அதையே புதுக் கண்டுபிடிப்பு என்று கருதி அமெரிக்க நாடு 1995இல் ஒரு காப்புரிமை வழங்கியது. நம் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காடியது. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. இதனைக் கேட்டு நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் பாட்டி செய்தது அனைத்தும் பழுதற்றது என்று அந்தப் பெருமையை நீட்டிக்கொண்டு போனால் இடர் வரும். எங்கள் வீட்டில் வந்தது.

என் தங்கைக்கு அப்போது பத்தொன்பது வயது. பெண் பார்க்க வந்தவர் ஒருவர், “பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள், நிறந்தான் சற்று மட்டு” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அவள் காதில் அது விழுந்துவிட்டது. அடுத்து ஒரு வீட்டார் வருவதற்குப் பத்து நாள் இருந்தது. பாட்டியின் மாவில் கார்போகரிசி என்றொரு விதை சிறிதளவு சேர்வது வழக்கம். தோலுக்கு நல்லது என்று பேர். நல்லது என்றால் மிகுதியாகப் போட்டால் மிகவும் நல்லது என்று அவள் எண்ணினாள். நாட்டு மருந்துக் கடையிலிருந்து அவ்விதையைத் தனியே வாங்கிவந்து, எலுமிச்சைச் சாறு விட்டு விழுதாக அரைத்து, முகத்திலும் கழுத்திலும் அப்பிக்கொண்டாள். அது காயட்டும் என்று, வடாம் பிழிந்து கொண்டிருந்த மொட்டை மாடிக்குப் போய் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரத்திற்கு மேல் இருந்தாள்.

அன்று ஒன்றும் நேரவில்லை. மறுநாள் காலையில் சிறிது எரிச்சல். இரண்டாம் நாள் மாலையில் கன்னம் சிவந்து தடித்தது. இரவுக்குள் கொப்புளம் எழுந்தது. இரண்டு நாள் இடைவெளி இருந்தமையால் விழுதின் நினைவே யாருக்கும் வரவில்லை. பாட்டி கண்ணேறு என்றார். அண்டை வீட்டு மாமி அக்கி என்றார். குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காவியால் அக்கி எழுதச் சொன்னார். கழுத்தில் மட்டும் நான்கு கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கியிருந்தன. அக்கோடுகளைப் பார்த்த தோல் மருத்துவர், “என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்கவில்லை. “எதைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றாய்?” என்றுதான் கேட்டார். சாறு வழிந்த தடம் அது!

நேயர்களே, கார்போகரிசியில் சோராலென் என்னும் பொருள் இருக்கிறது. இந்திய வேதியியலார் 1933ஆம் ஆண்டில் அவ்விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். அவ்வினத்தைச் சேர்ந்த பொருள்கள் நம் நாட்டு எலுமிச்சையின் தோலெண்ணெயிலும் உண்டு. பிழியும்போது சாற்றிலும் கலந்துவிடுகின்றன. இவை நிழலில் பெரும்பாலும் சும்மா இருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டவுடன் தோலின் உயிரணுக்களில் உள்ள மரபுப் பொருளையே பற்றிப் பிணைத்துவிடும். அணுக்கள் சிதைகின்றன, தோல் வெந்ததுபோல் கொப்புளிக்கிறது. அதன் பின்னர் அவ்விடத்தில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் மிகுதியாகச் சுரந்து, மாதக் கணக்கில் கறுத்து நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. என் தங்கைக்கு அது வேடிக்கையாக இல்லை. வெண்புள்ளி கண்டவர்களுக்கு இழந்த நிறத்தை மீட்பதற்காகத்தான் நம் பழைய மருத்துவர்கள் இவ்விதையைக் கையாண்டார்கள். எகிப்து நாட்டிலும் இதேபோன்ற பொருளையுடைய வேறொரு செடியின் விதையை நெடுங்காலமாக வெண்புள்ளிக்கு வழங்கிவந்தனர். எல் மொஃப்தி என்னும் எகிப்திய மருத்துவர் அதனை முறையாக ஆய்ந்து 1948இல் வெளியிட்டார். 1974இல் சோராலென் இனத்து மருந்தையும் அளந்து செலுத்திய புற ஊதாக் கதிரையும் சேர்த்து, செதில் உதிரும் சோரியாசிஸ் நோய்க்கும் சிகிச்சை செய்தனர். மருந்து இவ்வளவு, ஒளி இத்தனை நேரம் என்று மருத்துவர்கள் அஞ்சி அஞ்சி அளக்கும் பொருள் அது. தோலைக் கறுக்கச் செய்யும் விதையை, வெளுக்க வேண்டும் என்று ஒரு பெண் அள்ளிப் பூசிக்கொண்டாள்.

பாட்டியின் மாவு ஏன் இத்தனை ஆண்டுகள் எவரையும் சுடவில்லை என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். பெரிய தூக்கு மாவில் அவ்விதை ஒரு கைப்பிடிகூட இராது. மாவைக் குழைத்துத் தேய்த்த உடனே நீர் விட்டு அலம்பிவிடுவோம். குளியலும் பெரும்பாலும் விடியற்காலையில் முடிந்துவிடும். பாட்டிக்குச் சோராலென் தெரியாது. ஆயினும் அளவு, நேரம், அலம்புதல் ஆகிய மூன்றும் வழக்கத்தில் கலந்திருந்தன. தங்கை அவற்றை விட்டுவிட்டு விதையை மட்டும் எடுத்துக்கொண்டாள். குற்றத்தை அவள்மேல் சுமத்தவும் எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நின்று நிறத்தைப் பற்றிப் பேசிய மனிதரை நான் இன்னும் மறக்கவில்லை. மெலனின் என்பது வெயிலிலிருந்து உடலைக் காக்கும் குடை. பிறப்பில் அமைந்த அதன் அளவை எந்தக் குளியல் மாவும் குறைத்துவிடாது. மஞ்சள் பூசிய முகம் பொலிவது அந்நிறத்தின் சாயத்தால் மட்டுமே.

வேறு சில செடிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோற்றுக்கற்றாழை மடலை அறுத்தவுடன் வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும். மடலைச் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்துப் பால் வடிந்தபின், உள்ளிருக்கும் சோற்றை நன்கு கழுவிக்கொள்ள வேண்டும். பூண்டை அரைத்துக் கட்டினால் தீப்பட்டது போல் புண்ணாகும். சேங்கொட்டையைக் கையாலும் தொடாதீர்கள். அதன் சாற்றால் துணிகளுக்குக் குறியிட்டதே பலருக்குக் கழுத்தில் படை எழக் காரணமாயிற்று. மஞ்சளை வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் நிறத்தைக் கண்டு மயங்க வேண்டா. மெருகுக்காக ஈயம் கலந்த சாயத்தைப் பூசும் கேடும் இருக்கிறது.

புதிதாக எந்த மாவை ஆக்கினாலும் சிறிதளவு குழைத்து முழங்கையின் உட்புறத்தில் தடவி, அலம்பிவிட்டு, இரண்டு நாள் கழியும்வரை பார்த்துக்கொள்ளுங்கள். அரிப்போ தடிப்போ கண்டால் அம்மாவு உங்களுக்கு ஒவ்வாது. ஆனால் முழங்கையின் உட்புறம் வெயில் படாத இடம் என்பதை மறக்க வேண்டா. கார்போகரிசியும் எலுமிச்சையும் செய்யும் தீங்கை இச்சோதனை காட்டாது. ஆகையால் அவ்விரண்டையும் முகத்தில் பூசாமலே விட்டுவிடுவது நலம்.

தங்கையின் கழுத்திலிருந்த கோடுகள் மங்க ஏழு மாதங்கள் ஆயின. இப்போது அவள் வீட்டிலும் ஆண்டுதோறும் நலங்கு மாவு அரைக்கிறார்கள். பாட்டி தம் கையால் எழுதிக்கொடுத்த சாமான் பட்டியலையே கடைக்குக் கொடுத்தனுப்புகிறாள். அதில் ஒரு வரியை மட்டும் மையால் அடித்திருக்கிறாள்.