கடனும் நாணயமும்



பத்தாண்டு நிறைவு விழாவில் பணத்தைப் பற்றிய சொற்களையும் வழக்குகளையும் குறித்துப் பேசலாம் என நான் கூறியபோது, நம் வட்டத்து நண்பர் ஒருவர், "அம்மா, கவிஞர்களிடம் இல்லாத ஒன்றைப் பற்றி அவர்களிடமே பேசப் போகிறீர்களா?" என்று நகையாடினார். பணம் இல்லாவிடினும் பணத்தைக் குறிக்கும் சொற்கள் நம் எல்லாரிடமும் உள்ளன. அந்தச் சொற்செல்வத்தின் இருப்பைக் கணக்கெடுப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கமாகும்.

திருவில்லிபுத்தூர் கவிதைக்குரிய ஊர், இராசபாளையம் காசுக்குரிய ஊர் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில் கடக்கத்தக்க இவ்விரண்டு ஊர்களையும் அவ்வாறு பிரித்துவிட இயலாது. பெரியாழ்வார் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். பாண்டியன் வல்லபதேவன் அவையில் அவர் பரதத்துவத்தை நிலைநாட்ட, கட்டித் தொங்கவிட்டிருந்த பொற்கிழி தானே தாழ்ந்து கொடுத்தது என்று குருபரம்பரை கூறும். அந்தப் பொருளைக் கொண்டே கோயிற்பணி செய்தார் என்பது ஊர் வழக்கு. சொல்லுக்குப் பொன் தலைவணங்கிய கதை அது. பஞ்சாலை ஊரில் 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்லைத் தொடங்கிய நாள்தொட்டு எத்தனையோ பணச் சொற்கள் மக்கள் நாவில் ஏறின. பஞ்சு வணிகத்தில் இன்றும் விலை பேசப்படுவது கண்டிக் கணக்கில்தான். ஒரு கண்டி 356 கிலோ. ஆக, இரண்டு ஊர்களுமே சொல்லையும் பொருளையும் சேர்த்து வைத்திருக்கும் ஊர்கள்தாம்.

இருமுகச் சொற்கள்

தமிழில் பணத்தைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள் பலவற்றுக்கு நாணயத்தைப் போலவே இரண்டு முகங்கள் உண்டு. 'பொருள்' என்பது செல்வம். சொல்லின் அர்த்தமும் அதுவே. தொல்காப்பியத்தின் பொருளதிகாரமும் திருக்குறளின் பொருட்பாலும் ஒரே சொல்லைத் தலைப்பில் தாங்கி நிற்கின்றன. 'மதிப்பு' என்பது விலை; மரியாதையும் அதுவே. 'முதல்' என்பது தொடக்கம். வணிகத்தில் இடும் மூலதனமும் அதுவே. 'நாணயம்' என்பது கையில் புழங்கும் காசு. வாக்குத் தவறாத நேர்மையும் அதுவே. 'கடன்' என்பது திருப்பித் தரவேண்டிய பணம். செய்தே தீரவேண்டிய கடமையும் அதுவே.

'செலவு' என்னும் சொல் கவிஞர்களுக்கு மிகவும் நெருக்கமானது. சங்க இலக்கியத்தில் அதன் பொருள் பயணம். பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன், தலைவியின் துயர் கண்டு போகாமல் நின்றுவிடுவதைச் 'செலவழுங்கல்' என்பர். ஒருவர் பொருள் தேடிச் 'செல்வது' அன்று செலவு. தேடிய பொருள் கையை விட்டுச் 'செல்வது' இன்று செலவு. பாலைத் திணையின் பெரும்பகுதி பொருளாதாரத்தால் விளைந்த பிரிவைப் பாடியது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் சென்றவர்களின் வீடுகளில் அத்திணை இன்னும் முடிவுறவில்லை.

சொல்லில் படிந்த வரலாறு

இனி, வந்து சேர்ந்த சொற்களைக் காண்போம். நம் தென்பாண்டிச் சீமையில் இன்றும் ஒலிக்கும் 'துட்டு' டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்னும் செப்புக்காசின் பெயர். அவர்கள் 1658இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். அவர்கள் ஆட்சி மறைந்தது, காசும் மறைந்தது, பெயர் மட்டும் பெட்டிக்கடையில் தங்கிவிட்டது. 'ஏலம்' போர்ச்சுகீசியர் தந்தது. 'பாக்கி', 'வசூல்', 'ஜாமீன்', 'ஜப்தி', 'கஜானா' ஆகியவை அரபு, பாரசீகச் சொற்கள். நவாபு ஆட்சியின் வரிக் கணக்குகளோடு வேரூன்றியவை. 'வராகன்' பன்றி முத்திரை பொறித்த பொற்காசின் பெயர். நம்மிடமிருந்து சென்ற சொற்களும் உண்டு. 'பணம்' முன்னர் ஒரு குறிப்பிட்ட நாணயத்தின் பெயராக இருந்து, ஐரோப்பியர் நாவில் 'பனம்' ஆயிற்று. கீழைநாட்டுச் சிறுகாசைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய 'காஷ்' என்பதன் மூலம் நம் 'காசு'.

இராசபாளையத்தில் பல வீடுகளில் தெலுங்கு வழங்குகிறது. அங்கே கடனுக்குப் பெயர் 'அப்பு'. வீட்டுக்குள் 'அப்பு' என்பதே வாசலைத் தாண்டினால் 'கடன்' ஆகிறது. ஒரே கவலைக்கு இரண்டு மொழிகளில் பெயர் வைத்திருக்கும் ஊர் இது.

கடன் முற்றிய நிலைக்கும் ஒரு பெயருண்டு. நொடித்துப் போனவரை 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்போம். திருமண ஓலைக்கு மஞ்சள் தடவி மகிழும் நாம், திவாலுக்கும் அதே நிறத்தைத் தந்திருப்பது எண்ணி வருந்தத்தக்கது.

பொலிசையும் கந்துவட்டியும்

'வட்டி' வடமொழியின் 'விருத்தி' என்பதன் திரிபு என்பர். அதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் வழங்கும் சொல் 'பொலிசை'. பொலிதல் என்பது பெருகுதல். களத்தில் நெற்குவியலுக்குப் 'பொலி' என்று பெயர். மரக்காலால் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று தொடங்கும் வழக்கை நம் வயல்வெளிகளில் கேட்டிருப்பீர்கள். உழைப்பில் விளைந்து பெருகியதற்கும் பணம் பெருகியதற்கும் ஒரே வேர்ச்சொல்லை வழங்கிய சமுதாயம் அது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்னும் கணக்கைக் காண்கிறோம். அஃதாவது, நூற்றுக்குப் பன்னிரண்டரை. கோயில் விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கும். ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். ஆடு சாகும், மந்தை சாகாது. முதல் அழியாமல் பயன் மட்டும் எடுக்கப்பட வேண்டும் என்னும் பொருளாதாரக் கோட்பாட்டை மூன்றே சொற்களில் அடக்கிய அந்த இடையரும் கல்வெட்டெழுதியவரும் கவிஞர்களே.

அங்கிருந்து இன்றைய 'தண்டலு'க்கு வாருங்கள். அரசன் வரி திரட்டியதைக் குறித்த சொல் இது. இன்று பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று சொல்லி, எண்ணாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாள்தோறும் நூறு ரூபாயாக நூறு நாள் திரட்டுவது தண்டல் எனப்படுகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டும். 'கந்து' என்பது சங்கத் தமிழில் யானை கட்டும் தறி. தெலுங்கில் அதே ஒலியுள்ள சொல் தவணையைக் குறிக்கும். கந்துவட்டியின் வேர் எதுவாயினும், அதில் அகப்பட்டவர் தறியில் கட்டுண்டவரே. அளவுமீறிய வட்டியைத் தடை செய்யும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய சொற்களை அவற்றின் ஆங்கில வடிவத்திலும் தமிழொலியிலேயே எடுத்தாண்டு விளக்கம் தருகிறது. மக்கள் தம் துன்பத்துக்கு இட்ட பெயர்கள் சட்டமேறின. ஆயினும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக்கு ஆளான ஒரு தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண்குழந்தைகளோடும் தீக்கிரையானார். பெயரிடுவது மட்டும் போதாது என்பதற்கு அது சான்று.

சாட்சியா, பிணையா?

என் சொந்த அனுபவம் ஒன்றை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், என் மாணவி ஒருத்தியின் தாயார் என் வீட்டுக்கு வந்தார். சத்திரப்பட்டிப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் வேலை பார்ப்பவர். பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிய கடனுக்குக் கையெழுத்திட்டிருந்தார். அந்தப் பெண் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட, தவணை கேட்டு இவர் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது.

"சாட்சிக் கையெழுத்துன்னுதான் சொன்னாங்க டீச்சர். சாட்சி எதுக்குப் பணம் கட்டணும்?" என்று கேட்டார்.

தாளை வாங்கிப் படித்தேன். முழுவதும் ஆங்கிலம். அவர் கையெழுத்திட்ட இடம் ஜாமீன்தாரருக்கு உரியது. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்னும் தொடர் அதில் இருந்தது. அதை அவருக்கு விளங்கவைக்க, முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அரைமணி நேரமாயிற்று. கடைசியில், "அவங்க கட்டலேன்னா முழுசையும் ஒங்ககிட்டயே கேக்கலாம்னு எழுதியிருக்கும்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

ஜாமீனுக்குத் தமிழில் 'பிணை' என்று பெயர். நம் கவிதைகளில் பிணை என்றால் மருண்ட பெண்மான். அன்று என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தவர் இரண்டு பொருளிலும் பிணையாக இருந்தார். பதினான்கு மாதங்கள் கூடுதல் நேரம் தறி ஓட்டி, பிறர் கடனை அவர் அடைத்தார். ஒரு சொல்லின் வேறுபாடு அவருக்குப் பதினான்கு மாத உழைப்பாயிற்று. கடனின் ஒரு முகமாகிய பணத்தை மட்டும் அந்தத் தாள் அறிந்திருந்தது. மற்றொரு முகமாகிய கடமையை அந்தத் தாய் மட்டுமே அறிந்திருந்தார். "கையெழுத்துப் போட்டுட்டேன், இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்று அவர் சொன்னபோது, நாணயம் என்னும் சொல்லின் முழுப்பொருளும் எனக்கு விளங்கிற்று.

சிறுவாடு

பெண்கள் காத்துவந்த பணச் சொற்கள் தனி வகையின. விருதுநகர்ப் பகுதியில் வணிகர் தம் சரக்கின்மேல் அறத்துக்கென ஒதுக்கியது 'மகமை' எனில், பெண்கள் உலையிடும்போது ஒதுக்கியது 'பிடியரிசி'. பள்ளிக்கூடங்கள் அவற்றால் வளர்ந்தன. அவ்வகையில் ஒரு சொல் 'சிறுவாடு'. குடும்பச் செலவில் மிச்சம்பிடித்து, கணவர் அறியாமல் பெண் சேர்க்கும் சிறுதொகை அது.

2016 நவம்பர் 8ஆம் நாளிரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது, 'செல்லாக் காசு' என்னும் பழைய வழக்கு எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று. மறுநாட்காலை என் தாயார் அரிசிப் பானைக்குள் கைவிட்டு, ஏழு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து, என் தந்தையார் முன்னால் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். களவு செய்தவர்போல் நின்ற அவரைக் காண எனக்குப் பொறுக்கவில்லை. தந்தையார் ஏதும் கேட்கவில்லை. வங்கி திறந்ததும் வரிசையில் நின்று, மாற்றிய மூவாயிரத்து ஐந்நூறையும் கொணர்ந்து, அதே பானையின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனார்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் முப்பத்தெட்டு மாணவியரிடம் சிறுவாடு என்றால் என்னவென்று கேட்டேன். மூவர் மட்டுமே அறிந்திருந்தனர். ஒளித்து வைக்கும் தேவை ஒழிந்து அச்சொல் மறைந்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். தேவை இருக்கிறது, பெயர்தான் போயிற்று. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு 'உதவித்தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத்தொகை' என்று பெயரிட்டது. தொகை மாறவில்லை; பெறுபவரின் தலை நிமிர்கிறது. தலைகுனிந்து நின்ற என் தாயாரை எண்ணும்போது அந்தப் பெயரின் அருமை எனக்குத் தெரிகிறது.

நேர்த்திக்கடன்

முடிவாக, ஆண்டாளிடமே வருவோம். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக அவர் பாடலில் நேர்ந்துகொண்டார். நிறைவேறாமல் நின்ற அந்த நேர்ச்சையைச் சில நூற்றாண்டுகளுக்குப் பின் இராமானுசர் நிறைவேற்றினார் என்றும், அவர் திருவில்லிபுத்தூருக்கு வந்தபோது ஆண்டாள் 'அண்ணா' என்றழைத்து வரவேற்றார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. தாளில்லை, ஈடில்லை, தவணையில்லை. ஒரு பெண் கவிஞரின் வாக்கைத் தம் கடனாக ஏற்றுக்கொண்ட ஒருவர் அவருக்குத் தமையனானார். இதற்கு நாம் வழங்கும் பெயர் நேர்த்திக்கடன். அங்கேதான் கடன் என்னும் சொல்லின் இரண்டு முகங்களும் ஒன்றாகின்றன.

அன்பர்களே, நம் கவிதைகளில் வறுமை வருகிறது, வட்டி வருவதில்லை. கண்ணீர் வருகிறது, கணக்கு வருவதில்லை. இந்த அவையிடம் என் வேண்டுகோள்கள் இரண்டு. அடுத்த ஓராண்டில் ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டு முதியோரிடமும், ஆலை வாயிலிலும், பஞ்சுத் தரகரிடமும், தறிக்கூடத்திலும் கேட்டுப் பத்துப் பணச் சொற்களை, அவை வழங்கும் தொடர்களோடு எழுதிக் கொணர வேண்டும். இரண்டாவதாக, அக்கம்பக்கத்தில் எவரேனும் கடன்தாளில் கையெழுத்திடுமுன் நம்மிடம் கொணர்ந்தால், அதை அவர்களுக்கு விளங்கும் தமிழில் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். திண்ணையில் அமர்ந்திருந்த அந்தத் தாய்க்கு நான் காலம் கடந்து செய்த பணி அது. இனி வருபவருக்கேனும் காலத்தே செய்வோம். தமிழ் கற்றவர்க்கு அது கடன்.