காட்டின் பணம் கிராம சபைக்கு வரட்டும்

1990 முதல் ‘கூட்டு வன மேலாண்மை’ என்கிறார்கள். பல மாநிலங்களில் கிராம வனக் குழுவுக்கு ஊர்க்காரர் தலைவர். செயலாளரோ வனத்துறை அலுவலர். நம் மக்களுக்குக் குழி வெட்டும் கூலி. எங்கே வெட்டுவது என்ற முடிவு துறைக்கு. இதைக் கூட்டு என்று நான் ஏற்க மாட்டேன். உழைப்பவரையும் தீர்மானிப்பவரையும் பிரிப்பது சாதி செய்யும் அதே வேலை.

2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தந்தது. ஆனால் 2016-இல் வந்த ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டம், சுரங்கத்துக்கும் அணைக்கும் காட்டைக் கொடுத்ததற்கு ஈடாக வரும் பணத்தை வனத்துறை வழியே செலவிடச் சொல்கிறது. 2019-இல் மாநிலங்களுக்குச் சென்றது 47,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

“பழங்குடிகளுக்கு நிர்வகிக்கத் தெரியுமா?” என்பவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்துக்குப் போகட்டும். அங்கே கோண்டு மக்களின் மெண்டா லேகா, 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்றது. 2011-இல் மூங்கில் விற்கும் அதிகாரமும் வந்தது. ஊர் கூடி ஒருமனதாகவே அங்கே முடிவெடுக்கிறார்கள்.

உரிமை கிராம சபையிடம், பணம் துறையிடம் என்றால் அந்த உரிமை வெறும் காகிதம். நாம் கேட்பது சலுகை அல்ல. காடுவளர்ப்பு நிதியைக் கிராம சபையின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள்!