குறைந்த நீர் எங்கே போனது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

எனக்கு முன் பேசியவர்கள் சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசினார்கள். என்னை மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எஞ்சினின் சூட்டைப் பற்றிப் பேசுவதற்கு இது இடமா என்று முதலில் தயங்கினேன். ஆனால் இங்கே இருக்கும் இளைஞர்களிற் பலர் வான் ஓட்டுகிறவர்கள். பெரியோர்களிற் பலர் அந்த வானில் ஏறி யாத்திரை போகிறவர்கள். ஒருவருடைய கவனத்தில் மற்றவருடைய நலம் தங்கியிருக்கிறது. அன்றியும், இவ்விஷயத்தில் நான் செய்த பிழை ஒன்றை உங்கள் முன் சொல்லவேண்டிய கடமையும் எனக்கு உண்டு.

1888ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், ஜேர்மனி தேசத்திலே பேர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ள் பென்ஸ் செய்த மூன்று சில்லு மோட்டார் வண்டியில் தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்குப் போனார். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரம். அந்த வண்டியில் எஞ்சினைக் குளிர்வித்த நீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டேயிருந்தது. ஆதலால் வழிநெடுக வண்டியை நிறுத்தி நீர் ஊற்றவேண்டியிருந்தது. பின்னர் 1901ஆம் ஆண்டின் மேர்சிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மைபாக் என்பவர் தேன்கூடு போன்ற றேடியேற்றர் ஒன்றை அமைத்தார். சுட்ட நீர் அங்கே ஆறி, மீண்டும் எஞ்சினுக்குத் திரும்பியது. காலப்போக்கில் அந்த நீரோட்டம் முழுவதும் இறுக மூடிய சுற்றாகிவிட்டது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றே. அன்று நீர் குறைவது இயல்பு. இன்று நீர் குறைவது நோய்.

கோடை நாட்களில் சிவலிங்கத்தின் மேலே தாராபாத்திரம் கட்டுகிறோம். அது சொட்டுவதற்காகவே அமைந்தது. குறையக் குறைய ஊற்றுவதே அங்கே முறை. நம்மிற் பலர் றேடியேற்றரையும் தாராபாத்திரம் போலவே நடத்துகிறோம். காலையில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஊற்றிய நீர் எங்கே போனது என்று கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. 2018ஆம் ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையில் பெரியோர் சிலரையும் இளைஞர் சிலரையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து சீதா எலிய அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம். வானை ஓட்டியவன் நான். அதற்கு முன் மூன்று கிழமையாக நாள்தோறும் அரைப் போத்தல் தண்ணீர் ஊற்றிவந்தேன். முறிகண்டிப் பிள்ளையாரிடத்தில் எல்லா வண்டிகளையும் போல நாங்களும் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். வண்டிக்குக் கீழே முன்புறத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுவதைக் கண்டேன். அது ஏ.சி.யின் நீர் என்று எண்ணினேன். குனிந்து கையால் தொட்டுப் பார்க்கவில்லை.

கம்பளை தாண்டிப் புசல்லாவை வரையில் குறையொன்றுமில்லை. றம்பொடை ஏற்றத்தில் வெப்பம் காட்டும் முள் எழுந்தது. நிறுத்துவோமா என்றேன். பூசைக்கு நேரமாகிறது, மேலே போய்ப் பார்ப்போம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலின்மேல் பழி போட நான் இங்கே வரவில்லை. சுக்கான் என் கையில்தான் இருந்தது. இன்னும் இரண்டு வளைவு போனேன். வெண்ணிற ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். நான் பெரியோரை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், உதவி செய்யும் நோக்கத்தோடு ஓர் இளைஞர் றேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டார். கொதிநீர் அவருடைய முன்னங்கையிலும் கழுத்திலும் பாய்ந்தது. அந்த வடு இன்றும் அவர் கையில் இருக்கிறது. எஞ்சினின் தலைப்பகுதியும் வளைந்து, ஹெட் கஸ்கற் எரிந்துபோயிற்று. காரணம் என்ன தெரியுமா? ஒரு சாண் நீளமான றப்பர்க் குழாயில் இருந்த ஒரு வெடிப்பு.

எஞ்சினுக்குள் நடப்பதைச் சிறிது விளக்கினால், இவ்வளவு சிறிய வெடிப்பு இவ்வளவு பெரிய கேட்டைச் செய்தது எப்படி என்பது தெளிவாகும். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதியைச் சுற்றியோடும் நீரே சுமந்து செல்லவேண்டும். எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வெப்பம் 2000 பாகை செல்சியசுக்கு மேலே போகும். அலுமினியமோ 660 பாகையில் உருகும் உலோகம். பிஸ்ரனும், இன்றைய எஞ்சின்கள் பலவற்றின் தலைப்பகுதியும் அலுமினியக் கலவைதான். அவை உருகாமல் நிற்பது நீரோட்டத்தின் தயவால். அந்த ஓட்டம் சில நிமிடம் தடைப்பட்டாலே உலோகம் வளையத் தொடங்கும்.

இந்தச் சுற்றிலே வோட்டர் பம் நீரைத் தள்ளுகிறது. தேர்மோஸ்ரற் என்னும் வாயில் ஏறத்தாழ 82 முதல் 90 பாகைக்குள் திறந்து நீரை றேடியேற்றருக்கு விடுகிறது. விசிறி காற்றை இழுக்கிறது. இவற்றோடு, பலரும் மதிக்காத ஓர் உறுப்பு உண்டு, அதுதான் மூடி. அதன்மேல் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருக்கும். அது தாங்கும் அமுக்கத்தின் அளவு. 0.9 என்றால், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13 இறாத்தல். அந்த அமுக்கத்தில் நீர் 100 பாகையிற் கொதிக்காது. 118 பாகை வரை பொறுக்கும். மூடியின் றப்பர் வளையம் இறுகி வெடித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மலையிலே இன்னும் மோசம். 300 மீற்றர் உயர்ந்தால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

சூடான வண்டியின் மூடியை ஏன் திறக்கக்கூடாது என்பதும் இதனால் விளங்கும். உள்ளே 110 பாகையில் நிற்கும் நீர் அமுக்கத்தினால் மாத்திரமே அடங்கியிருக்கிறது. மூடியைத் திருகிய கணத்தில் அமுக்கம் போய்விடும். நீர் முழுவதும் ஒரேயடியாகக் கொதித்து எழும். ஆகவே, கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும் வரையில் மூடியைத் தொடவேண்டாம். முக்கால் மணி நேரமானாலும் காத்திருங்கள். பிறகும் தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, முதற் தடை வரையில் மெல்லத் திருகி, சீறல் அடங்கிய பின்னரே கழற்றுங்கள். தவறிச் சுட்டுவிட்டால், சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்து, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பற்பசையும் எண்ணெயும் பூசவேண்டாம்.

அடுத்து, நீரா கூலன்ற்றா என்ற கேள்வி. கூலன்ற் பனி உறையும் தேசங்களுக்குரியது, நமது வெப்ப நாட்டுக்குத் தண்ணீர் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகரில்லை. கூலன்ற்றில் உள்ள எதிலீன் கிளைக்கோலைத் தனியே ஊற்றினால் அது தண்ணீரை விடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். ஆனால் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சில பாகை உயர்கிறது. அதைவிட முக்கியமாக, அதில் துருவைத் தடுக்கும் மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. வெறும் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், அலுமினியத்தை அரிக்கும்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. அந்த நீர் எவ்வளவு வன்மையானது என்பதைக் கேத்திலின் அடியிலே படிந்திருக்கும் வெள்ளைப் படையே சொல்லும். அதே படைதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. ஆகையால் கிணற்று நீரை ஊற்றாமல், காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ற்றைக் கலந்து ஊற்றுங்கள். அல்லது கலந்தே விற்பதை வாங்குங்கள். பற்றரிக் கடையில் வாங்கும்போது, அது வடித்த நீரா அமிலமா என்று இருமுறை பார்த்து வாங்குங்கள். கூலன்ற்றின் நிறத்தை மட்டும் நம்பிக் கலக்கவேண்டாம். நிறத்துக்கு எல்லாக் கொம்பனிகளும் ஒப்புக்கொண்ட விதி கிடையாது. வண்டியின் புத்தகம் சொல்லும் வகையை, அது சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். எதிலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். பழையதைக் கிணற்றடியிலும் கொட்டவேண்டாம்.

இனி, குறைந்த நீர் எங்கே போகும் என்று பார்ப்போம். வெளியே போகும், அல்லது எஞ்சினுக்குள்ளே போகும். வெளியே போனால் அடையாளம் இருக்கும். குழாயின் இணைப்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருக்கும். இரவில் வண்டிக்குக் கீழே ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்துவிட்டுக் காலையிற் பாருங்கள். ஏ.சி. நீர் நிறமும் மணமும் அற்றது. கூலன்ற் நிறமுடையது, விரலில் வழுவழுக்கும், இனிய மணம் வீசும். நாவில் வைத்துப் பார்க்கவேண்டாம். வெளியே ஒன்றும் காணாவிட்டால் உள்ளே போகிறது என்று ஐயுறவேண்டும். சூடான எஞ்சினிலும் புகைக்குழாயில் வெண்புகை ஓயாமல் வந்தால், அல்லது எண்ணெய் மூடியைத் திறக்கும்போது எண்ணெய் பால்தேநீர் நிறமாயிருந்தால், அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்லுங்கள்.

பாதையிலே செய்யவேண்டியவை சில. ஏற்றத்தில் உயர்ந்த கியரில் திணறவிடாமல் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். அப்போது பம் விரைவாகச் சுழலும். முள் வழக்கத்தை விட உயர்ந்தால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வியர்க்கும்; எஞ்சினுக்கு ஆறும். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி கிளம்பினாலோ, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஆறாத எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கக்கூடும். றேடியேற்றரின் செதில்களில் செம்புழுதியும் பூச்சியும் அடைத்திருந்தால், எஞ்சின் ஆறிய நேரத்தில் மெதுவான நீரால் உட்புறமிருந்து வெளிப்புறமாகக் கழுவுங்கள்.

ஒரு பொறியைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். வெப்பம் காட்டும் முள்ளின் உணர்கருவி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். நீர் முழுவதும் போய்விட்டால் அது காற்றில் நிற்கும். முள் கீழே விழுந்துவிடும். ஏறிய முள் காரணமின்றி இறங்கினால், எஞ்சின் ஆறிவிட்டது என்று மகிழவேண்டாம். அது மிகப் பெரிய ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம், நிறுத்திப் பாருங்கள்.

இளைஞர்களே, கிழமைக்கொரு முறை, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில், பக்கத்துச் சாடியிலுள்ள இரு கோடுகளுக்கிடையே நீர் நிற்கிறதா என்று பாருங்கள். ஊற்றிய நாளையும் அளவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மாதத்தில் இரண்டாம் முறை எழுத நேர்ந்தால், அன்றைக்கே கராஜுக்குப் போங்கள். நான் எழுதிவைத்திருந்தால் மூன்று கிழமை ஊற்றியிருக்கமாட்டேன்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். வண்டியில் ஏறியபின் சாரதியை அவசரப்படுத்தாதீர்கள். "தம்பி, ஐயம் இருந்தால் நிறுத்து, நாங்கள் காத்திருப்போம்" என்று புறப்படும்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வயதில் இளையவனுக்கு அந்த அனுமதி பெரிய பலம். பூசைக்குப் பிந்திப் போனால் அம்பாள் கோபிக்கமாட்டாள்.

அடுத்த முறை முறிகண்டியில் இறங்கும்போது, பிள்ளையாரைக் கும்பிட்டபின் ஒரு முறை குனிந்து வண்டியின் கீழே பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். அன்று நான் குனிந்திருந்தால், அந்தத் தம்பியின் கையில் வடு இருந்திராது. அவர் இன்று இச்சபையில் இருக்கிறார். அவரிடம் தனியே கேட்ட மன்னிப்பை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் மீண்டும் கேட்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.