வண்டிக்கடியில் ஒரு சொட்டு

(கொட்டாஞ்சேனையில் மலையகச் சாரதிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தம்பிமாரே,

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓட்டோவும் வேனும் ஓட்டும் உங்களில் பலர் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வண்டி எடுப்பீர்கள். அதில் ஏறுவது நம் அம்மாமாரும் பிள்ளைகளும்தான். ஆகவே இன்று சம்பளப் பேச்சைச் சற்றுத் தள்ளிவைத்து, வண்டிக்கடியில் சொட்டும் ஒயிலைப் பற்றிப் பேசுவோம்.

கொழும்பு வெக்கையில் ஒழுகாத வண்டி நுவரெலியாவில் ஏன் ஒழுகுகிறது? அங்கே சனவரி விடியற்காலையில் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்கும். பழைய ரப்பர் சீலும் ஹோஸும் இறுகிச் சுருங்க, இடுக்கில் ஒயில் கசியும். எஞ்சின் சூடானதும் ரப்பர் விரிந்து கசிவு நின்றுவிடலாம். சரியாகிவிட்டது என்று நாமும் புறப்பட்டுவிடுகிறோம். பழுது அப்படியே இருக்கிறது.

இரவில் வண்டிக்கடியில் பழைய காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் பாருங்கள். நிறமும் மணமும் இல்லாத தண்ணீர் என்றால் பயமில்லை. ஏசி தண்ணீராக இருக்கும். கபிலமோ கறுப்போ என்றால் எஞ்சின் ஒயில். அளவு பார்த்து ஊற்றி, கராஜுக்குக் காட்டுங்கள். பச்சையோ ரோஸோ என்றால் வேனின் ரேடியேட்டர் கூலண்ட். எஞ்சின் ஆறாமல் மூடியைத் திறக்காதீர்கள். அது நஞ்சு, லயத்துப் பிள்ளைகள் தொடுமுன் கழுவிவிடுங்கள். சிவப்பு என்றால் பவர் ஸ்டியரிங் அல்லது ஒட்டோ கியர் ஒயில்.

சக்கரத்தின் உட்பக்கம் இளமஞ்சளாக வழுக்கும் சொட்டு இருந்தால் அது பிரேக் ஒயில். பழையதென்றால் நிறம் கறுத்திருக்கும். பிரேக் மிதி கீழே இறங்கினாலும் அதே சந்தேகம்தான். அந்த வண்டியை அசைக்கவே கூடாது. ஊற்றி நிரப்பிக்கொண்டு இறங்கலாம் என்று நினைக்காதீர்கள்.

நம்மில் பலர் ஓட்டுவது வாடகை வண்டி. "கொழும்புக்குக் கொண்டு வா, பார்ப்போம்" என்று சொந்தக்காரர் சொல்லக்கூடும். 2023 சனவரி 20 அன்று நானுஓயா ரதல்லை வீதி விபத்தில் 7 உயிர்கள் போயின. அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும். பிரேக் ஒயில் ஒழுகும் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். அதற்காக உங்கள் வேலை போனால் சங்கத்துக்கு வாருங்கள்; நாங்கள் கூட நிற்போம்.

ஒரு நாள் பேர் போனால் மறுநாள் உழைக்கலாம். போன உயிருக்கு மறுநாள் இல்லை. மட்டையை இன்றே வண்டியில் போட்டு வையுங்கள்.